பள்ளித் தவணையும் கடன் தவணையும்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வட மாகாண ஆளுநர், மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர், கொழும்பில் கல்வி அமைச்சின் செயலாளர், பரீட்சை ஆணையாளர் நாயகம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டச் செயலாளர்கள் ஆகியோருக்கு,

மதிப்புக்குரியீர்,

தவணை என்ற சொல்லுக்கு வன்னி வீடுகளில் இரண்டு பொருள். பாடசாலைத் தவணை ஒன்று, கடன் தவணை மற்றது. முதலாவதன் திகதி கல்வி அமைச்சின் சுற்றறிக்கையில் வருகிறது. இரண்டாவதன் திகதி கடன் கொடுத்தவரின் கொப்பியில் இருக்கிறது. வயலின் திகதியைக் கேட்காமலே இரண்டும் குறிக்கப்படுகின்றன. அதனால் நெல் இன்னும் கதிரில் நிற்கும் தை மாதத்தில் இரண்டும் ஒன்றாக வந்து வாசலில் நிற்கின்றன.

இதைத் திருத்தலாம். பெரிய சட்டமும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். பத்துப் பாடசாலை நாட்களை இடம் மாற்றுங்கள், உயர்தரப் பரீட்சையை மழைக்கு வெளியே எடுங்கள், வீட்டிடம் காசு கேட்கும் மாதத்தை மாற்றுங்கள், நெல் விலையை அறுவடைக்கு முன் சொல்லுங்கள். கேட்பது இவ்வளவே. எப்படிச் செய்வது என்பதைக் கீழே விபரமாக எழுதுகிறோம்.

முதலில் காசின் போக்கு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், கட்டுக்கரை போன்ற குளங்களின் கீழும், மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் காணிகளிலும் காலபோகம்தான் (மாரி மழையோடு செய்யும் பெரும்போகம்) ஆண்டின் பெரிய வரவு. சிறுபோகம் என்பது குளத்தில் மிஞ்சிய தண்ணீரின் அளவுக்குத்தான். இரணைமடுவின் கீழ்கூட எல்லோருக்கும் எல்லா ஆண்டும் முழுக்காணியில் சிறுபோகம் கிடைப்பதில்லை. மானாவாரிக்காரர் புரட்டாதி கடைசியில் புழுதியில் விதைக்கிறார்கள், குளத்தை நம்பியவர்கள் ஐப்பசியில். ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் போதும் என்பது விவசாயத் திணைக்களத்தின் கணக்கு. களை முந்திவிடும் என்ற பயத்தில் 3 புசலும் அதற்கு மேலும் வீசுகிறவர்கள் பலர். உழவு, விதை, களைநாசினி, அடிக்கட்டுப் பசளை, மேற்கட்டுப் பசளை என்று எட்டுக் கிழமைக்குள் காசு முழுவதும் மண்ணுக்குள் போய்விடும். அதில் பெரும்பகுதி அடகு வைத்த நகையின் காசு. 2024/25 காலபோகத்துக்கு ஹெக்டயருக்கு 25,000 ரூபா வீதம் 2 ஹெக்டயர் வரை பசளை மானியம் அறிவிக்கப்பட்டது. அந்தக் காசு அடிக்கட்டுப் பசளைக்கு முன் கணக்கில் விழுந்தால்தான் அது மானியம். பிந்தி விழுந்தால் கடையில் கடனுக்கு எடுத்த பசளையின் வட்டிக்குத்தான் போகும்.

கார்த்திகை, மார்கழியில் மழை. கூலி வேலை அருமை. நெல்லில் கைவைக்க முடியாது, நகை வங்கியில். இந்த இடத்தில்தான் புதிய கல்வியாண்டு வருகிறது.

பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம். 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா தொடக்கிவைத்த இலவசக் கல்வி இன்றும் இந்த மண்ணின் பெரிய பலம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் தரம் 6 க்குப் போகும் பிள்ளைக்குப் பத்துக்கு மேற்பட்ட பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் கொப்பி, சிலவற்றுக்குத் தடித்த சி.ஆர். கொப்பி, கொம்பாஸ் பெட்டி, சப்பாத்து, புத்தகப்பை, சீருடை தைக்கும் கூலி, இ.போ.ச. பஸ் சீசன், வசதிக் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா. போதாக்குறைக்கு இல்ல மெய்வல்லுநர் போட்டியும் தை, மாசியில்தான்: இல்ல ரீசேட்டுக்குக் காசு, சோடனைக்குக் காசு. ரீசேட் இல்லாத பிள்ளை அன்றைக்கு வயிற்றுக்குத்து என்று வீட்டில் நிற்பது எந்த வகுப்பாசிரியருக்கும் புதினமல்ல.

2025 கல்வியாண்டுக்காக அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 6,000 ரூபா வழங்கப்பட்டது. நல்ல காரியம், சரியான நேரம். ஆனால் காணியும் லான்ட்மாஸ்டரும் (இருசக்கர உழவு இயந்திரம்) இருப்பதால் அஸ்வெசும பட்டியலில் விடுபட்ட கமக்காரருக்கும் தையில் வெறுங்கைதான். சொத்து உண்டு, காசு இல்லை. புள்ளி போடும் படிவத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அந்த வெறுங்கை நீளும் இடங்களைச் சொல்ல வேண்டும். நகை ஏற்கனவே போய்விட்டது. அடுத்தது நெல் வியாபாரியிடம் முற்பணம். முற்பணம் வாங்கியவர் விளைச்சல் முழுவதையும் அவருக்கே, களத்திலேயே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். ஒரு கணக்குக்கு: இரண்டு ஏக்கரில் 3,200 கிலோ விளைகிறது, சந்தை விலையில் கிலோவுக்கு 20 ரூபா குறைத்து எடுக்கிறார் என்றால் இழப்பு 64,000 ரூபா. தையில் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் வாங்கிய முற்பணம் அதில் பாதிகூட இராது. முற்பணம் கிடைக்காதவர்கள் நுண்கடன் கம்பனிக்கோ மீற்றர் வட்டிக்கோ (நாளுக்கு நாள் ஏறும் வட்டி) போகிறார்கள். நுண்கடனில் கட்டுக்காசு கிழமைக்குக் கிழமை. ஆண்டில் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை வருமானம் வரும் வீட்டில் ஆண்டுக்கு 52 தவணை. முதல் கடனின் தவணையைக் கட்ட இரண்டாவது கடன் எடுப்பது இந்தப் பொருத்தமின்மையில் இருந்துதான் தொடங்குகிறது. பெண்களுக்குக் கணக்குத் தெரியாததால் அல்ல. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. ஒருமுறை கடனைத் தீர்த்ததோடு அது முடிந்தது. கிழமைத் தவணை அப்படியே இருக்கிறது.

இனி, தை பிற்பகுதியில் இருந்து மாசி வரை வகுப்பில் யார் இல்லை, ஏன் இல்லை என்பது.

நெல் வெட்டுவதற்காகப் பிள்ளைகள் மறிக்கப்படுவது பழைய கதை. வெட்டு மெசின் வந்த பிறகு ஒரு ஏக்கர் ஒரு காலைக்குள் முடிகிறது. வேலை வெட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. மெசின் கொட்டும் நெல்லில் 20 முதல் 22 வீதம் ஈரம் இருக்கும். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை அறிவிக்கும் விலை 14 வீதத்துக்கு மேற்படாத ஈரமுள்ள நெல்லுக்குத்தான். 22 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காயும்போது 90.7 கிலோவாகும். ஈரமாக விற்றால் வியாபாரி மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று இதைவிடக் கூடவே கழிப்பார். ஆகவே காயவைக்க வேண்டும். காயவைக்க இடம் வீதி. தார் வீதியின் ஓரத்தில் படங்கு (தார்ப்பாய்) விரித்து இரண்டு மூன்று நாள். அரை மணிக்கு ஒருக்கால் கிளற வேண்டும், மாடு துரத்த வேண்டும், மழை இருட்டினால் பத்து நிமிடத்தில் கூட்டி அள்ளி மூட வேண்டும். பெரியவர்கள் அடுத்த வயலில் மெசினோடு நிற்கும்போது அந்தப் படங்குக்குப் பக்கத்தில் நிற்பது தரம் 8, 9 படிக்கும் பிள்ளை.

இதே கிழமைகளில்தான் கச்சானும் உளுந்தும் வருகின்றன. (வன்னியில் கச்சான் என்றால் கடலையும்தான், காற்றும்தான். இங்கே நிலக்கடலை.) கச்சான் பிடுங்குவதும் ஆய்வதும் இன்னும் கைவேலை. ஆய்கிற அளவுக்குக் கூலி என்பதால் தாய் விடியப் போய்ப் பொழுதுபடத்தான் திரும்புவார். கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை வீட்டில் நிற்கும். இடாப்பில் அது 'வரவில்லை' என்று மட்டும் பதிவாகிறது. உயர்தர மாணவருக்கு 80 வீத வரவு கட்டாயம் என்பதால், இந்த நாட்கள் பின்னால் வந்தும் கடிக்கின்றன.

எங்கள் சொல்லை நம்பத் தேவையில்லை, எண்ணிப் பாருங்கள். வன்னியில் 8 கல்வி வலயங்கள்: கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு, மன்னார், மடு. வலயத்துக்கு 5 பாடசாலை வீதம் 40. தரம் 6 முதல் 11 வரை, கடந்த ஐந்து ஆண்டின் வரவு இடாப்புகளைக் கிழமை கிழமையாகக் கூட்டுங்கள். மாத வரவு பார்த்தால் பள்ளம் தெரியாது, நிரவிவிடும். கிழமையாகப் பார்க்க வேண்டும். பாடசாலைக்கு ஒருவர் இரண்டு மூன்று நாள் இருந்தால் முடியும் வேலை.

பள்ளம் எந்தக் கிழமையில் என்பது குளத்துக்குக் குளம் மாறும். ஆனால் அது மர்மமல்ல, ஐப்பசியிலேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு காலபோகத்துக்கும் முன் மாவட்டச் செயலாளரின் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், எத்தனை மாத நெல் போடலாம், கால்நடையை எப்போது அப்புறப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிறது. நீர்ப்பாசனம், கமநலம், விவசாயம், காப்புறுதி, வங்கி எல்லோரும் இருப்பார்கள். கல்வித் திணைக்களத்துக்கு அங்கே கதிரை இல்லை. ஒக்டோபர் 15 இல் விதைப்புத் தொடங்கி நவம்பர் 5 இல் முடிக்க வேண்டும் என்று ஒரு குளத்துக்குத் தீர்மானித்தார்கள் என்று வையுங்கள். மூன்றரை மாத நெல் என்றால் 105 நாள். முதல் வயல் ஜனவரி 28 இல் விளையும், கடைசி வயல் பெப்ரவரி 18 இல். பெப்ரவரியின் முதல் இரண்டு கிழமை விடுமுறை என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மானாவாரி கூடிய பகுதிக்கு அது ஜனவரி கடைசி ஆகும். மழை பிந்தி விதைப்பும் பிந்தினால் கமநல சேவைகள் நிலையம் டிசம்பர் நடுவில் வலயத்துக்கு ஒரு கடிதம் அனுப்பித் திகதியைத் திருத்தலாம். அதற்குப் பிறகு மாற்றக்கூடாது. பெற்றாரும் ஆசிரியரும் திட்டமிட ஒரு மாதமாவது வேண்டும்.

இந்தப் பத்து நாள் எங்கிருந்து வரும்? ஓகஸ்ட் விடுமுறையில் இருந்து. அது நான்கு கிழமையாக வரும் ஆண்டில், பதினைந்தாம் திகதி மடுத் திருவிழாவை நடுவில் வைத்து இரண்டு கிழமையாகச் சுருக்கினால் கணக்குச் சரி. ஒரு பாடசாலை நாளும் குறையாது. இதைவிட ஐந்து நாளை 'மழை நாள்' என்று நாட்காட்டியிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. கார்த்திகையில் குளங்கள் வான் பாய்ந்து, வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்களை வெள்ளம் மேவி, உள்ளூர்க் கிறவல் வீதிகள் அறுத்தெடுக்கப்படும் நாட்களில் பாடசாலை மூடத்தான் வேண்டும். பிறகு சனிக்கிழமைகளில் ஈடுசெய்யச் சொல்கிறார்கள். சனிக்கிழமை பஸ் ஓடாத வழிகளில் அந்த ஈடுசெய்தல் கடதாசியில் மட்டும்தான் நடக்கிறது. முன்பே ஒதுக்கிய ஐந்து நாள் இருந்தால், வெள்ளம் வராத ஆண்டில் அது ஆண்டிறுதி விடுமுறையில் சேரும்.

ஒரு சின்ன விடயம், ஆனால் கவனிக்காவிட்டால் கெடும்: மாணவர் சீசன் மாதத்துக்கு மாதம் கொடுப்பது. விடுமுறை ஜனவரி கடைசிக் கிழமையும் பெப்ரவரி முதற் கிழமையுமாக விழுந்தால் இரண்டு மாத சீசனும் அரைகுறை. ஒரே மாதத்துக்குள் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் பஸ் சாலை முகாமையாளரோடு முன்பே பேசி அரைமாத சீசன் ஒழுங்குசெய்ய வேண்டும்.

'நாட்காட்டி நாடு முழுவதற்கும் ஒன்று, வலயத்துக்கு ஒன்றாக மாற்ற முடியாது' என்ற பதில் வரும். அது ஏற்கனவே ஒன்றல்ல. நோன்பை முன்னிட்டு முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனித் தவணை அட்டவணையைக் கல்வி அமைச்சே வெளியிடுகிறது. நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகரும், அட்டவணையும் அதோடு நகரும். சரியான ஏற்பாடு, வன்னிக்குள்ளேயே முசலியிலும் செட்டிகுளத்திலும் நடைமுறையில் இருப்பது. ஆண்டுக்கு ஆண்டு நகரும் ஒரு மாதத்துக்காக நாட்காட்டி வளையுமானால், ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும் அறுவடைக்காக வளைவதில் என்ன சிக்கல்? கல்வியாண்டு 2022 இல் ஏப்ரலில் தொடங்கியது, 2023 இல் மார்ச் 27, 2024 இல் பெப்ரவரி 19, 2025 இல் ஜனவரி 27. பெருந்தொற்றுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு இவ்வளவு நகர்த்த முடிந்த நாட்காட்டி கல்வெட்டு அல்ல. இந்தியாவின் ஹிமாச்சலப் பிரதேசத்தில் ஒரே மாநிலத்துக்குள் கோடை விடுமுறைப் பாடசாலை, குளிர்கால விடுமுறைப் பாடசாலை என்று இரு வகை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அறுவடை விடுமுறை என்றால் பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப அரசே அனுமதிப்பதாகாதா? இலங்கையில் 2021 இல் இருந்து வேலைக்கு ஆகக்குறைந்த வயது 16. அதை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். ஆகவே விடுமுறை மட்டும் போதாது, மூன்று ஏற்பாடுகள் கூடவே வேண்டும். ஒன்று, ஆரம்பப் பிரிவின் பாடசாலை உணவு அந்தப் பத்து நாளும் தொடர வேண்டும். தாய் கச்சான் காணியில் நிற்கும் கிழமையில்தான் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு அதிகம் தேவை. பாடசாலையில் ஒரு மண்டபம் திறந்திருக்க, இரண்டு பெரியவர்கள் பொறுப்பில் இருக்க, சின்னப் பிள்ளைகள் ஒன்றரை மணி வரை அங்கே நிற்கலாம். மூத்த அக்கா வீட்டில் பூட்டுப்படத் தேவையில்லை. சமைத்துக் கொடுக்கும் பெண்களுக்கான கொடுப்பனவு மாதக்கணக்கில் பிந்தினால் இது இரண்டாம் நாளே நின்றுவிடும், அதையும் சொல்லிவைக்கிறோம். இரண்டு, சாதாரண தரப் பரீட்சை எழுதும் தரம் 11 க்கு விடுமுறை வேண்டாம். அவர்களுக்குக் காலை வகுப்பு நடக்கட்டும். 2025 இல் போலப் பரீட்சை மார்ச் நடுவில் இருந்தால் இது சமாளிக்கக்கூடியது, பெப்ரவரிக்கு முன்னகர்ந்தால் அறுவடைக்குள்ளேயே விழும். மூன்றாவது காயவைக்கும் தளம்.

தளத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பறையில் இருந்து பிள்ளையை வெளியே இழுப்பது அது இல்லாமைதான். நெல்லை 4 சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேல் பரப்பக்கூடாது. அடி காயாது, புழுங்கும். தார் வீதியில் மதிய வெயிலில் சூடு 50 பாகைக்கு மேல் ஏறினால் மணி வெடித்து, ஆலையில் குறுணல் கூடும். ஆகவே வீதி மாட்டுக்கும் வாகனத்துக்கும் மட்டுமல்ல, அரிசிக்கும் கூடாத இடம். 4 சென்ரிமீற்றரில் ஒரு தொன் நெல்லுக்கு ஏறத்தாழ 43 சதுர மீற்றர் வேண்டும். இரண்டு ஏக்கர் வீட்டின் 3.2 தொன்னுக்கு 138. இப்போது ஒரு வலைப்பந்தாட்டத் திடலை நினையுங்கள்: 30.5 க்கு 15.25 மீற்றர், 465 சதுர மீற்றர். ஒரே நேரத்தில் ஏறத்தாழ 10.8 தொன், மூன்று வீட்டு நெல். மூன்று நாளுக்கு ஒரு சுற்று என்றால் பத்து நாளில் மூன்று சுற்று, ஒன்பது பத்து வீடு. வன்னியில் கொங்கிறீட் திடல் இல்லாத சிறு பாடசாலைகள் எத்தனையோ. கமக்காரர் அமைப்பும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஒரு திடல் போட்டால் ஆண்டின் 50 கிழமை அது பிள்ளைகளின் விளையாட்டுத் திடல், இரண்டு கிழமை நெல் தளம். போடும்போது நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தண்ணீர் நிற்கும். ஓரத்தில் படங்கு கட்ட வளையங்கள் பதிக்க வேண்டும். காவலுக்கும் கிளறுவதற்கும் அமைப்பு கூலிக்குப் பெரியவர்கள் இருவரை நியமித்து, மூடைக்கு ஒரு சிறு தொகை அறவிடலாம். பிள்ளை படங்குக்குப் பக்கத்தில் நிற்கும் தேவை அங்கேதான் இல்லாமற்போகும். விடுமுறை முடிந்தும் தளம் கழுவப்படாமல் கிடக்கும், உமியும் சுணையும் பறக்கும் என்று அதிபர்கள் பயப்படுவார்கள். நியாயமான பயம். பதினோராம் நாள் காலை ஆறு மணிக்குள் கழுவிக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு தளம் இல்லை என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செய்தாலும் சில பிள்ளைகள் அறுவடையில் நாட்களை இழப்பார்கள். திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். இடைவிலகல் அந்த முதல் கிழமையில்தான் முளைக்கிறது. கொலம்பியாவின் கோப்பித் தோட்டக் கிராமங்களுக்கு 1970களில் 'எஸ்குவேலா நுவேவா' என்ற முறை இதற்கு விடை கண்டது. பாடம் சிறு சிறு வழிகாட்டி ஏடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அறுவடைக்குப் போன பிள்ளை திரும்பி வந்து விட்ட ஏட்டில் இருந்து தொடரும். ஒரே ஆசிரியர் பல வகுப்பைப் பார்க்கும் எங்கள் சிறு பாடசாலைகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் முதலாம் தவணையின் நடுப்பகுதிக்கு மட்டும், பாடத்துக்கு ஆறு ஏடு எழுதினால் தொடக்கத்துக்குப் போதும்.

உயர்தரப் பரீட்சைக்கு வருவோம். 2019 வரை அது ஓகஸ்டில் நடந்தது, வன்னியின் மிகக் காய்ந்த மாதங்களில் ஒன்று. 2024 இலும் 2025 இலும் நவம்பரில் வைத்தீர்கள், இங்கே மழை உச்சத்தில் நிற்கும் மாதம். 2024 இல் பரீட்சை நவம்பர் 25 இல் தொடங்கி, பின்னர் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கத்தால் 27 இல் நின்று, டிசம்பர் 4 இல் தொடர்ந்தது. 2025 இல் நவம்பர் 10 இல் தொடங்கி, டித்வா புயல் வந்ததால் மறுபடியும் 27 ஆம் திகதியோடு நின்றது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில். இரண்டு ஆண்டும் ஒரே திகதி என்பது தற்செயல்தான், ஒரே மாதம் என்பது தற்செயல் அல்ல. வெள்ளம் வந்தால் முதலில் திறக்கப்படும் தற்காலிகத் தங்குமிடம் பாடசாலை. பரீட்சை நிலையமும் அதே கட்டிடம். மண்டபத்தில் சுட்டெண் ஒட்டிய மேசைகளுக்குப் பக்கத்தில் குடும்பங்கள் பாய் விரிக்கின்றன. இடம்பெயர்ந்த பிள்ளையின் அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் வீட்டுக் கூரைக்குக் கீழே நனைகின்றன. ஆறு கிழமை தள்ளிப்போன பாடங்கள் ஜனவரியில் வரும்போது கச்சானும் முன்விதைப்பு நெல்லும் வாசலில். கொழும்பில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஆறு கிழமை மீட்டல் காலம். எங்கள் பிள்ளைக்கு அது சேறு அள்ளும் காலம். இருவருக்கும் இசற்புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) கணிப்பது ஒரே அளவுகோலில்.

ஓகஸ்டுக்கே திருப்புங்கள் என்று உடனே கேட்கவில்லை. ஒரே ஆண்டில் மூன்று மாதம் முன்னகர்த்தினால் அந்த அணிக்குப் பாடத்திட்டம் முடியாது. ஆறு கிழமை முன்னகர்த்தி, செப்டெம்பர் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் கடைசிக்குள் எழுத்துப் பரீட்சை முடிந்தாலே பெருமழையில் இருந்து பெரும்பாலும் தப்பலாம். அதை இரண்டு அணிகளுக்கு மூன்று கிழமை வீதம் பிரித்துச் செய்யலாம். 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள்ளேயே பிள்ளைகளை இருத்திப் பரீட்சை நடத்திக் காட்டிய திணைக்களம் இது. அப்போது முடிந்தது இப்போது முடியாது என்றால் நம்புவது கடினம்.

கடற்கரை வலயங்களைப் பற்றிச் சுருக்கமாக. முல்லைத்தீவுக் கடல் வாடையில் (வடகீழ்ப் பருவக்காற்று) மூடி, பங்குனியில் திறக்கும். மன்னார்க் கடலில் சோளகம்தான் (தென்மேற்குப் பருவக்காற்று) கெடுதி, வருமானம் வாடைக் காலத்தில். ஒரே 'வன்னி நாட்காட்டி' போட்டால் ஒரு கரைக்குச் சரி, மறு கரைக்குப் பிழை. ஆகவேதான் வலயத்துக்குப் பத்து நாள் என்று கேட்கிறோம், மாகாணத்துக்கு என்று அல்ல. மன்னார் வலயம் தன் பத்து நாளை வேறு மாதத்தில் வைக்க விரும்பினால் வைக்கட்டும்.

கடைசியாகக் காசின் நாட்காட்டி. வசதிக் கட்டணம், சங்கச் சந்தா, ரீசேட் எதுவும் தை, மாசியில் கேட்கக்கூடாது. பங்குனி 15 க்குப் பிறகு மட்டும் என்று வலயக் கல்விப் பணிப்பாளர் ஒரு பக்கச் சுற்றறிக்கை போட்டால் போதும். மெய்வல்லுநர் போட்டியையும் அறுவடைக்குப் பின் தள்ளுங்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒக்டோபரில் கொப்பியையும் சப்பாத்தையும் மொத்தமாக வாங்கி, மார்கழியில் உறுப்பினருக்கு வட்டியின்றிக் கொடுத்து, நெல் போடும்போது விலையில் கழிக்கலாம். இது சங்கம் நெல்லும் வாங்கினால்தான் நடக்கும். நெல் வாங்கச் சங்கத்திடம் காசு இராது. களஞ்சியத்தில் உள்ள நெல்லை ஈடாக வைத்து வங்கி கடன் கொடுக்க மாவட்டச் செயலாளர் முன்கூட்டியே ஒழுங்குசெய்ய வேண்டும். கொடுத்த கடன் திரும்பாமல் சங்கம் முறிந்த இடங்கள் உண்டு. குடும்பத்துக்கு ஒரு வரம்பு, ஐந்து பேருக்கு ஒரு பிணைக்குழு என்ற இரண்டையும் விடக்கூடாது. நுண்கடன் கம்பனிகளுக்கு, கமத்தொழில் குடும்பம் என்று கிராம அலுவலர் உறுதிப்படுத்தியவர்களிடம் கிழமைத் தவணை எடுக்காமல் போக அறுவடையோடு இரண்டு தவணையாக எடுக்கும் நிபந்தனை வேண்டும். 2016 இன் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் வட்டி வீதத்தைப் பற்றியே பேசுகிறோம். தவணையின் இடைவெளியும் வட்டி அளவுக்கே கொல்லும்.

நெல் விலை: 2025 இல் நாட்டரிசி நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா என்று அறிவிப்பு வந்தது பெப்ரவரி முதல் கிழமையில். ஜனவரி கடைசியில் வெட்டியவர் அதற்குள் விற்றுவிட்டார், ஏனென்றால் கல்வியாண்டு ஜனவரி 27 இல் தொடங்கியது. விலையை டிசம்பர் 15 க்குள் அறிவியுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியங்கள் ஜனவரி 20 இல் திறக்கட்டும், ஈரமானியோடு.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கல்வி மாகாணப் பட்டியலில் இருந்தாலும் இதைக் கேட்டுத் தீர்மானம் போடத் தெரிவுசெய்யப்பட்ட சபை இன்று இல்லை என்பதால்தான் நேரே உங்களுக்கு எழுதுகிறோம். முதல் வேலைக்குச் சபையும் தேவையில்லை. அடுத்த காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கான அழைப்புக் கடிதங்கள் மாவட்டச் செயலகங்களில் இருந்து புரட்டாதியில் போகும். அதன் பிரதி பெறுவோர் பட்டியலில் வலயக் கல்விப் பணிப்பாளரையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அவர் பாடசாலை நாட்காட்டியைக் கையில் கொண்டு வரட்டும், பென்சிலால் குறித்தது.

இங்ஙனம்,
வன்னியின் ஆசிரியர்கள், அதிபர்கள், கமக்காரர்கள், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள்